ஸ்குவெல்ச்சைத் திருகி இரைச்சலை மறைக்காதீர்கள்

போன மாதம் தேங்காய்பட்டணம் துறைமுகத்தில் ஒரு விசைப்படகில் வயர்லெஸ் செட் பார்க்கக் கூப்பிட்டார்கள். "செட்டுக்கு ஒண்ணும் இல்ல மக்கா, ஆனா பக்கத்துல கிடக்குற போட்டு பேசுனா மட்டும்தான் கேக்குது" என்றார் ஓனர். ஏறிப் பார்த்தால், செட்டின் இரைச்சலை அடைத்து வைக்கிற ஸ்குவெல்ச் திருகு கிட்டத்தட்டக் கடைசி வரை போயிருக்கிறது. மெதுவாகப் பின்னால் திருப்பினேன், கொர்ரென்று ஒரே இரைச்சல். "ராத்திரி பூரா இந்தச் சத்தத்தோட எப்பிடி இருக்கது, அதான் அடைச்சு வச்சேன்" என்றார் படகை ஓட்டும் ஸ்ராங்கு.

அவர் மட்டுமல்ல, குளச்சலிலும் சின்னமுட்டத்திலும் நான் ஏறுகிற பல படகுகளில் இதே கதைதான். ஸ்குவெல்ச் இரைச்சலைக் குறைப்பதே இல்லை. ஓர் அளவுக்குக் கீழே வருகிற எல்லாவற்றுக்கும் கதவைச் சாத்துகிறது, அவ்வளவுதான். படகில் இரைச்சல் கூடக் கூட அந்தக் கதவை இன்னும் இறுக்கிச் சாத்த வேண்டியிருக்கும், அப்போது தூரத்தில் பாட்டரி இறங்கிப்போன ஒரு வள்ளத்திலிருந்து அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனலில் யாராவது உதவி கேட்டால் அந்தக் குரலும் வெளியிலேயே நின்றுவிடும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்து போன பிறகு தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் யாருக்கும் வயர்லெஸின் அருமையை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் கேட்காத செட்டோடு கடலுக்குப் போகிறோம் என்பதுதான் என் கவலை.

நான் இந்த வேலையைப் படித்தது படகில் இல்லை, பயிற்சி விமானங்களில். செஸ்னா 172 மாதிரிச் சின்ன விமானத்தில் ரேடியோ இரைச்சல் இதைவிட மோசமாக இருக்கும். காரணம், விமானங்கள் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை, அலையின் உயரத்தை மாற்றிக் குரலை அனுப்பும் ஏ.எம். முறையில் பேசுகின்றன, படகு வயர்லெஸ் 156 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே, அலையின் அதிர்வெண்ணை மாற்றி அனுப்பும் எஃப்.எம். முறை. தீப்பொறி உண்டாக்கும் இரைச்சல் அலையின் உயரத்தைத்தான் கெடுக்கும், ஏ.எம். ரிசீவர் அந்த உயரத்தைத்தான் குரலாக எடுத்துக்கொள்ளும், அதனால் இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோவின் ஒவ்வொரு பொறியும் ஹெட்போனில் டிக் டிக்கென்று விழும். ஒருமுறை ஒரு மாணவர் சிகரெட் லைட்டர் துளையில் மலிவான போன் சார்ஜரைச் செருகியிருந்தார், டவர் கூப்பிட்டது பாதிதான் கேட்டது. சார்ஜரைப் பிடுங்கியதும் சரியாகிவிட்டது. அன்றிலிருந்து, ரேடியோவைக் கழற்றும் முன் அதைச் சுற்றி என்னென்ன ஓடுகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். இன்ஜினை முறுக்கும்போது கீச்சென்ற சத்தமும் கூடவே ஏறினால் பாட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது, ஆனால் வள்ளத்தில் மாட்டுகிற அவுட்போர்டு மோட்டாரில் உண்டு. அதற்கு ரெசிஸ்டர் உள்ள ஸ்பார்க் பிளக்தான் போட வேண்டும். இன்ஜினை அணைத்த பிறகும் இரைச்சல் மாறாமல் நின்றால் எல்.இ.டி. விளக்கு, சார்ஜர், 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டர், இவற்றில் ஏதோ ஒன்று.

அடுத்து ஆண்டெனா வயரைச் செட்டிலிருந்து கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றுபோனால் அது ஆண்டெனா வழியாக வந்தது, நிற்காவிட்டால் கரண்ட் வயர் வழியாக வருகிறது. கழற்றியிருக்கும்போது பேசும் பட்டனை மட்டும் அமுக்கவே கூடாது, செட் போய்விடும்.

அந்தப் படகில் இன்ஜினை அணைத்தோம், இரைச்சல் அப்படியே இருந்தது. சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தோம். மேல்தளத்தில் புதிதாகப் போட்டிருந்த எல்.இ.டி. விளக்குகளை அணைத்ததும் பொசுக்கென்று அமைதி. அந்த விளக்குக்குள் இருக்கிற சர்க்யூட் நொடிக்குப் பல்லாயிரம் முறை கரண்டை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது, விலை குறைந்ததில் ஃபில்டர் இருக்காது, அதன் வயரே ஆண்டெனா மாதிரி இரைச்சலைப் பரப்பிவிடும். போதாக்குறைக்கு அந்த வயரை ஆண்டெனா வயரோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள். ஆண்டெனா பிளக்கை வெட்டிப் பார்த்தேன்: உள்ளே செம்பு பச்சை பூத்து, மேல் பின்னல் கறுத்துப் பொடியாகக் கையில் உதிர்ந்தது. உப்புக் காற்று இறங்கியிருக்கிறது. இப்படிப்பட்ட வயர் தூரத்துக் குரலையும் தின்றுவிடும்.

வயரை ஒன்றரை அடி வெட்டி எறிந்து புதுப் பிளக் போட்டு, தண்ணீர் புகாத டேப் சுற்றினேன். விளக்கு வயரைத் தனியாகப் பிரித்து ஃபெரைட் வளையம் மாட்டினேன், லேப்டாப் வயரில் உருண்டையாக இருக்குமே, அதேதான். செட்டுக்கு பாட்டரியிலிருந்து நேராக, ஃபியூஸோடு தனி வயர். எல்லாம் சேர்ந்து அரை நாள் வேலை.

அப்புறம் ஸ்ராங்கையே ஸ்குவெல்ச் வைக்கச் சொன்னேன். முழுக்கத் திறந்து, இரைச்சல் வந்ததும் அது நிற்கிற இடம் வரை மட்டும் திருப்ப வேண்டும், அதற்கு மேல் ஒரு நூல்கூட வேண்டாம். இரண்டு படகிலும் ஆண்டெனா 9 மீட்டர் உயரத்தில் இருந்தால் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வரை பேசிக்கொள்ள முடியும். விளக்கெல்லாம் எரிய விட்டுக் காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் முட்டத்துக்கு நேரே வலை இழுத்துக்கொண்டிருந்த ஒரு படகின் பேச்சு தெளிவாக வந்தது. ஸ்ராங்கு மைக்கை எடுத்து, "எனக்குக் கேக்குது, உனக்குக் கேக்குதா?" என்றார்.