குடும்பத் தேவை மதிப்பீடு: மூளைக்காயம் பட்டவர பாத்துக்கிறவங்களுக்கு ஒரு சொல் விளக்கம்

மூளைக்காயம் பத்தி பேசுற எடத்துல 'ஃபேமிலி நீட்ஸ் அசெஸ்மெண்ட்'னு ஒரு சொல் வரும். தமிழ்ல குடும்பத் தேவை மதிப்பீடு. பைக் ஆக்சிடெண்ட்டுலயோ மரத்துல இருந்து விழுந்தோ தலையில அடிபட்ட ஒருத்தர வீட்டுல வச்சு பாக்குறவங்களுக்கு என்னென்ன வேணும், அதுல எது கிடைச்சிருக்கு, எது கிடைக்கலன்னு முறையா கேட்டு எழுதுறதுதான் இது. கேள்வி நோயாளிய பத்தினது இல்ல, கூட இருக்கிறவங்கள பத்தினது.

அசெஸ்ங்கிற சொல்லு லத்தீன்ல 'பக்கத்துல உக்காரு'ன்னு அர்த்தம் வர்ற வேர்ல இருந்து வந்தது, நீதிபதி பக்கத்துல உக்காந்து உதவுறவர்ல தொடங்கி, வரி எவ்வளவுன்னு நிர்ணயிக்கிறதா மாறி, அப்புறம் எதையும் எடை போடுறதுக்கு பொதுவா ஆயிட்டு. நம்ம 'மதித்தல்'லயும் அளவு போடுறது, மரியாதை குடுக்கிறதுன்னு ரெண்டும் இருக்கு, அதனால 'மதிப்பீடு' இதுக்கு நல்லாவே பொருந்தும். 'தேவைக் கணிப்பு'ன்னு எழுதலாமான்னா வேண்டாம், கணிப்புன்னா ஜாதகம் மாதிரி, ஆள கேக்காமலே சொல்லிடுற தொனி வந்துரும்.

'சுமை மதிப்பீடு' வேற. ஸாரிட்னு ஒரு 22 கேள்வி உள்ள அளவுகோல் உண்டு, அது பாத்துக்கிறவங்க மேல எவ்வளவு பாரம் இருக்குன்னு அளக்கும். தேவை மதிப்பீடு கேக்குறது என்ன குடுத்தா அந்த பாரம் எறங்கும்னு.

இதுக்குன்னே அமெரிக்காவுல விர்ஜீனியாவுல ஜெஃப்ரி க்ரூட்ஸரும் கூட உள்ளவங்களும் 1980களோட கடைசியில 'ஃபேமிலி நீட்ஸ் க்வெஸ்சனேர்'னு ஒண்ணு உருவாக்கினாங்க, 40 தேவை அதுல இருக்கு. இத வினாத்தாள்னு மொழிபெயர்த்தா பரீட்சை ஞாபகம் வரும், வினாநிரல்னு சொல்றது நல்லது. ஒவ்வொரு தேவைக்கும் ரெண்டு பதில் வாங்குவாங்க, இது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்னு 1ல இருந்து 4 வரை (4னா ரொம்ப முக்கியம்), அப்புறம் இது கிடைச்சுதா, ஆமா, பாதி, இல்ல. மருத்துவத் தகவல், மன ஆதரவு, வீட்டு வேலையில கைத்துணை, நிபுணர் உதவி, ஊர் ஆதரவு, சிகிச்சை முடிவுல பங்குன்னு ஆறு வகையா பிரிச்சு பாப்பாங்க.

இந்த ரெண்டாவது பதில்லதான் விஷயமே இருக்கு. நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுல குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்கு போற ஒரு அண்ணனுக்கு தலையில அடின்னு வைங்க. ஆஸ்பத்திரியில காப்பாத்தி அனுப்பிட்டாங்க, நடக்காரு, சாப்பிடுகாரு, பாக்குறவங்க "இப்ப கொள்ளாமே"ங்காங்க. ஆனா வெளுக்குறதுக்கு ரெண்டு மணிக்கூறு முன்னால எழும்பி தலைலைட்டயும் கத்தியயும் தேடுவாரு, தோட்டத்துக்கு போணும்னு கதவ தள்ளுவாரு, தடுத்தா கோவம். அவர பாத்துக்கிற அக்கா கத்திய அரிசி பானைக்குள்ள ஒளிச்சு வச்சிட்டு கதவுக்கு குறுக்க பாய் போட்டு படுக்கா. செக்கப்புக்கு போனா கேக்குறது எல்லாம் அண்ணன் எப்படி இருக்காரு, மருந்து குடுக்குறீங்களான்னுதான். அக்காகிட்ட கேட்டா இப்படித்தான் வரும். தூக்கம்: முக்கியம் 4, கிடைச்சுதா, இல்ல. அவரு ஏன் இப்படி கோவப்படுகாருன்னு புரியிற மாதிரி யாராவது சொல்றது: முக்கியம் 4, கிடைச்சுதா, பாதி. அந்த ரெண்டு வரிய யாராவது எழுதியிருந்தா அவளுக்கு எங்க கை குடுக்கணும்னு தெரிஞ்சிருக்கும்.

தமிழ்நாட்டு அரசு 2021 டிசம்பர்ல தொடங்கின 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்துல விபத்துல சிக்கினவங்களுக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம், அது நெறைய உயிர காப்பாத்துற நல்ல திட்டம். அந்த 48 மணி நேரம் கழிஞ்சு வர்ற வருசங்கள் குடும்பத்து தலையில. அதே வருசம் ஆகஸ்ட்ல வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆட்கள் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி குடுக்காங்க, அவங்க கையில இந்த வினாநிரல் ஒண்ணு இருந்தா எவ்வளவு நல்லாருக்கும்! சர்ச் பங்குல அன்பியம்னு அக்கம்பக்கத்து குடும்பங்கள் சேருற கூட்டம் நடத்துறவங்க, சுயஉதவிக் குழுவுல உள்ளவங்களும் கேக்கலாம், அந்த 'ஊர் ஆதரவு'ங்கிறது நம்ம ஜில்லாவுல இவங்கதானே.

எழுத்துல 'குடும்பத் தேவை மதிப்பீடு'ன்னே வைங்க. வீட்டுல போய் கேக்கும்போது அந்த சொல்லு வேண்டாம், "ஒங்களுக்கு என்ன வேணும்க்கா?" போதும். அடிபட்டவர் முன்னால வச்சு கேக்காதீங்க, பாவம் அவரு மனசும் நோகும், அக்காவும் ஒண்ணும் சொல்ல மாட்டா. அடுக்களை பக்கம் தனியா கேளுங்க, ஆறு மாசம் கழிச்சு திரும்ப கேளுங்க, ஏன்னா முதல்ல தகவல்தான் பெரிய தேவையா இருக்கும், போகப் போக ஒரு ராத்திரி நிம்மதியா தூங்குறது அதவிட பெருசாயிரும்.