லெவல் செய்த பிக்கப்புக்கு 35 இன்ச் டயர் போடலாமா?

டாலஸ் பக்கம் டயர், அலைன்மென்ட் வேலை பார்க்கிறேன். இங்கே பிக்கப் வாங்கும் நம்மவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். வண்டி எடுத்த சில மாதங்களில், தாழ்ந்திருக்கும் முன்பக்கத்தைப் பின்பக்க உயரத்துக்குத் தூக்கி லெவல் செய்துவிடுகிறார்கள். அப்புறம் வருவது ஒரே கேள்விதான்: "கம்பெனி வீலிலேயே 35 இன்ச் டயர் உட்காருமா?"

போன கோடையில் ஃபிரிஸ்கோவிலிருந்து ஓர் அண்ணன் ஃபோர்டு எஃப்-150 கொண்டுவந்தார். முன்னால் 2 இன்ச் லெவலிங் கிட் போட்டிருந்தார். பின்பெட்டியில் நான்கு புது டயர்கள் கிடந்தன. 35 இன்ச் உயரம், 12.50 இன்ச் அகலம், 18 இன்ச் ரிம்முக்கானவை. "மாட்டிக் கொடுத்துடு தம்பி" என்றார். நான் மாட்டவில்லை. ஏன் என்று அன்றைக்கு அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ரிம். அவர் வண்டியின் கம்பெனி வீல் 18 இன்ச் விட்டம், 7.5 இன்ச் அகலம். அந்த 35 இன்ச் டயருக்குக் குறைந்தது 8.5 இன்ச் அகல ரிம் வேண்டும் என்று டயர் கம்பெனியின் அட்டவணையே சொல்கிறது. ஒடுக்கமான ரிம்மில் அகல டயரை ஏற்றினால் பக்கச்சுவர் உள்ளே இழுபடும், நடுப்பகுதி புடைத்து நிற்கும். நடுவில் சீக்கிரம் தேயும், வளைவில் வண்டி அலையும். திருப்பி அனுப்ப இந்த ஒரு காரணமே போதும்.

"அதான் லெவல் பண்ணிட்டோமே, இடம் இருக்குமே" என்றார். இந்த நினைப்பு நிறையப் பேருக்கு உண்டு. லெவலிங் கிட் இடம் தருவது டயருக்கு மேலே. ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போது டயர் உரசுவதோ பின்னால் கேபின் பக்க லைனரில் (வீல் குழியின் உள் உறை), முன்னால் பம்பர் ஓரத்தில், உள்ளே வீலைத் தாங்கும் கன்ட்ரோல் ஆர்மில். அவருடைய வீலின் ஆஃப்செட் பிளஸ் 44 மில்லிமீட்டர், அதாவது வீல் நன்றாக உள்ளே தள்ளி உட்காரும். பெரிய டயர் போட்டால் உள்பக்கம்தான் முதலில் இடிக்கும். வீலுக்குப் பின்னால் ஸ்பேசர் தகடு வைத்து வெளியே தள்ளினால் அடுத்து ஃபெண்டர் உரசும், வீல் பேரிங்குக்கும் சுமை கூடும்.

அவருக்கு நான் சொன்னது 275/70ஆர்18, அதாவது 275 மில்லிமீட்டர் அகலம், பக்கச்சுவர் உயரம் அதில் 70 சதவீதம், 18 இன்ச் ரிம். கம்பெனி டயர் 275/65ஆர்18, உயரம் சுமார் 32.1 இன்ச். இது 33.2 வரும். 7.5 இன்ச் ரிம்முக்கும் பொருந்தும். லைனரில் லேசாக உரசினால் அலைன்மென்டில் காஸ்டரை, அதாவது ஸ்டீயரிங் அச்சின் முன்பின் சாய்வை, கொஞ்சம் கூட்டி வீலை ஒரு நூல் முன்னே கொண்டுவரலாம். எப்படியும் லெவல் செய்தால் காஸ்டர் குறைந்துவிடும் என்பதால் அலைன்மென்ட் கட்டாயம்.

இதுவரை சொன்னதெல்லாம் டயர் உட்காருமா என்பது பற்றி. எனக்கு உண்மையில் கவலை காற்றைப் பற்றித்தான்.

ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அவர் வண்டிக்கு 35 பிஎஸ்ஐ என்று இருந்தது. அது கம்பெனி டயருக்கான கணக்கு. கரடுமுரடான டயர்களில் பெரும்பாலானவை எல்டி (லைட் டிரக்) வகை, கனமான சுமைக்கான பத்து பிளை வலு. பக்கச்சுவரில் பெரிய சுமை எண் அச்சடித்திருக்கும், ஆனால் அது 80 பிஎஸ்ஐ காற்றுக்கு. அதே டயரில் 35 பிஎஸ்ஐ வைத்தால் பழைய சாதா டயரை விடக் குறைவாகத்தான் சுமை தாங்கும். பார்க்க முரட்டுத்தனமாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. வண்டியின் காற்றழுத்த சென்சாரும் உதவாது. ஸ்டிக்கர் அளவிலிருந்து கால் பங்கு குறைந்தால்தான் பொதுவாக அது விளக்கு போடும். 35க்கு அது ஏறக்குறைய 26. புது டயருக்கு 45 தேவைப்படும் வண்டியில் காற்று 30க்கு இறங்கியிருந்தாலும் டாஷ்போர்டு அமைதியாகவே இருக்கும்.

இந்த சென்சார் சும்மா வந்ததல்ல. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் எஸ்யூவியில் ஓடும்போதே டயரின் மேல்பட்டை உரிந்து வண்டிகள் உருண்டன. அமெரிக்க அரசின் கணக்கில் 271 உயிர்கள். டயரின் தயாரிப்பு, 26 பிஎஸ்ஐ என்று பரிந்துரைத்த குறைந்த காற்று, தெற்கு மாநிலங்களின் வெயில் எல்லாம் அந்த விவகாரத்தில் பேசப்பட்டன. அதே ஆண்டு வந்த சட்டத்தின் வழியாகத்தான் காற்றழுத்த சென்சார் கட்டாயமானது. அண்ணன் ஓட்டுவதும் அதே டெக்சாஸ் வெயிலில்தான், பின்னால் படகு டிரெய்லர் வேறு. 2025 ஜனவரியிலிருந்து இங்கே சொந்த வண்டிகளுக்கு வருடாந்தரப் பாதுகாப்புச் சோதனையும் கிடையாது. நாமே பார்த்தால்தான் உண்டு.

மற்றவை சுருக்கமாக. எல்டி டயர் ஒவ்வொன்றும் பழையதை விட 10 பவுண்டுக்கு மேல் கனமாக இருக்கலாம், பிரேக்கில் அது தெரியும். 33.2 இன்ச் டயரில் மீட்டர் 60 மைல் காட்டினால் உண்மையில் 62. 35 போட்டால் 65க்கு மேல். டயர் அளவை வண்டியின் கம்ப்யூட்டரில் மாற்றச் சொல்லுங்கள். முன்பக்கம் உயர்ந்ததால் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், கிட் போட்ட அன்றே அதை இறக்கிவிடுங்கள். ஸ்டெப்னி பழைய அளவில் இருந்தால் அதை மாட்டிக்கொண்டு ஃபோர்-வீல் போடாதீர்கள்.

அண்ணன் அந்த டயர்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பத்து நாளில் 275/70 வாங்கி வந்தார். மாட்டியதும் ஒரு பக்க வீலை ரேம்ப்பில் ஏற்றி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்துப் பார்த்தோம். எங்கும் உரசவில்லை. டயரின் சுமை அட்டவணையைப் பார்த்து, படகோடு போகும்போது பின்டயருக்கு எவ்வளவு காற்று, சும்மா போகும்போது எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதைத் தமிழிலேயே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, கதவுத் தூணில் பழைய ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார். வார நாளில் வண்டியை ஓட்டுவது அண்ணிதானாம்.