மூட்டுவலி கேப்ஸ்யூலும் நிற்காத ரத்தமும்

மயிலாப்பூர் பக்கம் காலை நடைக்கு வரும் பெரியவர்களிடம் மூட்டுவலி பற்றிப் பேச்சு வந்தால், சமையல் மஞ்சளில் செய்த கேப்ஸ்யூலும் பேச்சில் வந்துவிடும். அவர்களில் சிலர் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் சிறு வலைக்குழல்) வைத்துக்கொண்டு, ரத்தம் உறையாமலிருக்க தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள். மூலிகைதானே என்று டாக்டரிடம் சொல்வதில்லை. எனக்குக் கவலை அங்கேதான்.

ரத்தக்குழாயில் கீறல் விழுந்தால் ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி அதை அடைக்கின்றன. மற்ற தட்டணுக்களை அழைக்கும் ரசாயனம் திராம்பாக்ஸேன். அதைத் தயாரிக்கும் நொதியை ஆஸ்பிரின் நிரந்தரமாக முடக்குகிறது. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, புது நொதி செய்துகொள்ள வழியில்லை. 7 முதல் 10 நாள் வரையிலான அதன் ஆயுள் முழுக்க அப்படியேதான். மஞ்சளில் உள்ள குர்க்குமின் என்ற பொருளும் பூண்டில் உள்ள அஜோயீனும் ஆய்வகச் சோதனைகளில் தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கின்றன. ஆஸ்பிரினோடு இவையும் சேர்ந்தால் ரத்தம் நிற்பது இன்னும் தாமதமாகலாம் என்பதுதான் கவலை.

அப்போ ரசம், குழம்பு? பயமே வேண்டாம். மஞ்சள் தூளில் குர்க்குமின் சுமார் 3 சதவீதம்தான், அதிலும் குடல் உறிஞ்சுவது கொஞ்சம். 500 மில்லிகிராம் குர்க்குமின் உள்ள ஒரு கேப்ஸ்யூலோ ஏறக்குறைய 17 கிராம் மஞ்சள் தூளுக்குச் சமம். போதாததற்குப் பலவற்றில் மிளகின் பைப்பரினையும் சேர்க்கிறார்கள். 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்ந்தால் குர்க்குமின் உடலில் சேரும் அளவு சுமார் 20 மடங்காகிறது என்று 1998-ல் பெங்களூரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். உடலில் மருந்துகளைச் சிதைக்கும் சில நொதிகளையும் பைப்பரின் அடக்கும்; அதனால் அந்த மருந்துகளின் வேகம் கூடலாம்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் இன்னொரு மாத்திரையான வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண்) பொதுவாக 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். மஞ்சள் கலந்த தயாரிப்பு ஒன்றைத் தொடங்கிய சில வாரங்களில் ஒருவருக்கு அது 10-ஐத் தாண்டியதாக நியூசிலாந்தின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2018-ல் எச்சரித்தது.

ரத்தம் எளிதில் நிற்காதபோது தலைக்குள் கசிவதும் ஓர் ஆபத்து. வயதானால் மூளை சற்றுச் சுருங்குகிறது. மூளைக்கும் அதன் உறைக்கும் நடுவே ஓடும் மெல்லிய சிரைகள் இழுபட்டு நிற்கின்றன. குளியலறையில் தலை லேசாக இடித்தால்கூட ஒன்று அறுந்து, நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் கசியலாம். தடுமாற்றம், குழப்பம், தூக்கக் கலக்கம் என்று அது வெளிப்படும்போது, வீட்டில் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறோம். விடக்கூடாது, உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும். மலம் தார்போலக் கறுத்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசிவதாக இருக்கலாம், அதற்கும் தாமதிக்கக் கூடாது.

பல் பிடுங்கும் முன், ஆபரேஷனுக்கு முன், கேப்ஸ்யூல் பாட்டிலையும் நாட்டு மருந்துக் கடைப் பொடியையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். சித்த மருத்துவரிடம் போனால், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவதை முதலிலேயே சொல்லுங்கள். இதைப் படித்துவிட்டு ஆஸ்பிரினையோ வார்ஃபரினையோ தாமாக நிறுத்திவிட வேண்டாம். ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் ஆபத்தும் பக்கவாத ஆபத்தும் அதில் இருக்கின்றன.