கம்ப்ரெஷன் ரேஷியோ: அழுத்தமா, நெருக்கமா?

குமுளியில், எல்லைக்கு அந்தப் பக்கம், ஒரு சேட்டன் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். கம்பம், கூடலூர் பக்கத்திலிருந்து மலையேறி அவரிடம் வண்டி விடுகிறவர்கள் நிறைய. ஒரு வண்டியின் கிக்கரைக் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "கம்ப்ரெஷன் இல்ல தம்பி, ரிங் போச்சு" என்பார். அடுத்து வருகிறவர், "சேட்டா, கம்ப்ரெஷன் ஏத்தித் தரணும், மலையில இழுக்கல" என்பார். இரண்டு பேர் வாயிலும் ஒரே சொல்தான். ஆனால் முதலில் சொன்னது அழுத்தம், இரண்டாவது கேட்டது விகிதம். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்தால் அழுத்தம் கசிந்துபோகும், விகிதம் அப்படியே இருக்கும்.

கம்ப்ரெஷன் ரேஷியோ என்பது இடத்தின் கணக்கு. பிஸ்டன் அடியில் நிற்கும்போது அதற்கு மேலே எவ்வளவு இடம், உச்சிக்கு வந்து நிற்கும்போது எவ்வளவு இடம் மிச்சம், முதலாவது இரண்டாவதைப் போல எத்தனை மடங்கு? அவ்வளவுதான். 9:1 என்று எழுதி, ஒன்பதுக்கு ஒன்று என்று வாசிக்கிறோம். இதில் அழுத்தம் எங்கேயும் இல்லை.

குழப்பம் சொல்லின் வேரிலேயே இருக்கிறது. கம்ப்ரெஷன் லத்தீனிலிருந்து வந்தது. 'கொம்' என்றால் சேர்த்து, 'பிரெமெரே' என்றால் அமுக்குதல். பிரஷர் என்ற சொல்லும் அதே 'பிரெமெரே' பெற்ற பிள்ளைதான். ரேஷியோவுக்கு லத்தீனில் கணக்கு என்று பொருள், நம் ரேஷன் கடையின் ரேஷனும் அந்த வழியில் வந்ததே. கம்ப்ரெஷனும் பிரஷரும் உடன்பிறப்புகள் என்பதால், தமிழுக்குக் கொண்டுவரும்போது பலர் யோசிக்காமல் 'அழுத்த விகிதம்' என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு என்பேன். ஒரு கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். எட்டரைக்கு ஒன்று என்றால் இடம் எட்டரை மடங்கு சுருங்குகிறது. காற்று சுருங்கும்போது சூடும் ஏறுவதால், வெப்பம் வெளியேறாது என்று வைத்துக்கொண்டால் அழுத்தம் ஏறக்குறைய இருபது மடங்கு ஏறும். நிஜ இன்ஜினில் அதைவிடக் குறையும் என்றாலும் எட்டரையில் நிற்காது. ஜெட் இன்ஜின்காரர்கள் காற்றின் அழுத்தம் எத்தனை மடங்கு கூடுகிறது என்று தனியாகவே ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். 'அழுத்த விகிதம்' என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும்.

'அமுக்க விகிதம்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். பரவாயில்லை, ஆனால் இலங்கைத் தமிழில் அமுக்கம் என்றாலே பிரஷர்தான். நாம் காற்றழுத்தத் தாழ்வு என்பதை அவர்கள் தாழமுக்கம் என்கிறார்கள். அங்கே உள்ளவர் படித்தால் பழைய குழப்பமே திரும்பி வரும். 'இறுக்க விகிதம்' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் போல்ட்டையும் இறுக்குகிறோம், முடிச்சையும் இறுக்குகிறோம்.

எனக்குச் சரியாகப் படுவது 'நெருக்க விகிதம்'. மகரவிளக்குச் சமயத்தில் குமுளி பஸ்ஸில் ஏறியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஆட்கள் அதே ஆட்கள், நிற்கும் இடம் குறைந்துவிட்டது. அது நெருக்கம். அதனால் நம் விலா எலும்பில் படுவது அழுத்தம். பள்ளிப் பாடத்தில் ஒலியலையில் காற்றுத் துகள்கள் கூடி நிற்கும் பகுதிக்கும் நெருக்கம் என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். மலையாளத்தில் இதே சொல் 'ஞெருக்கம்'. நம் நண்டு அவர்களுக்கு ஞண்டு, நம் நான் அவர்களுக்கு ஞான், அந்த வரிசையில் இதுவும் ஒன்று. நாம் பண நெருக்கடி என்பதை அவர்கள் சாம்பத்திக ஞெருக்கம் என்பார்கள். எல்லையின் இரண்டு பக்கமும் புரியும் சொல் கையில் இருக்கும்போது வேறொன்றைத் தேட வேண்டாம். விகிதம் வடமொழி வழி வந்தது, ஆனால் கணக்குப் பாடத்தில் ஊறிவிட்டது, இருக்கட்டும். கேரளப் பாடநூல்களில் ரேஷியோவுக்கு அம்சபந்தம் என்று படிக்கிறார்கள்.

சொல்லைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் என் வண்டி. கார்புரேட்டர் வைத்த 350 புல்லட், யூசிஇ இன்ஜின், அதாவது இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருப்பது. போர் (சிலிண்டரின் விட்டம்) 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90, கொள்ளளவு 346 சிசி, கம்பெனி கொடுத்த நெருக்க விகிதம் 8.5. இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்தபோது, சிலிண்டருக்கு மூடியாக இருக்கும் ஹெட்டை அரை மில்லிமீட்டர் மட்டும் பேஸிங் செய்ய, அதாவது அடிப்பக்கத்தை ராவ, சொல்லி ஒரு லேத்தில் கொடுத்தேன். மாட்டி ஓட்டியதும் கிக்கர் கனத்தது, மகிழ்ச்சியாக இருந்தது. குமுளியில் ஓட்டும்வரை எந்தத் தொல்லையும் இல்லை. ஒரு சித்திரை மாத மதியம் கம்பத்தில் இறங்கி, மறுபடியும் லோயர் கேம்ப் ஏற்றத்தில் நாலாவது கியரில் திராட்டிலைத் திருகியபோது, ஹெட்டுக்குள் யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம்.

சேட்டன் ஹெட்டைக் கழற்றவில்லை. பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தி, பிளக் துளை மேலே பார்க்கும்படி வண்டியைச் சாய்த்துக் கட்டினார். மருந்துக்கடை சிரிஞ்சில் மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து எடுத்து, பத்துப் பத்து மில்லியாக உள்ளே விட்டார். நாற்பது போனதும் சொட்டுச் சொட்டாக. பிளக் மரை தொடங்கும் விளிம்பில் எண்ணெய் மினுங்கியபோது நிறுத்தினார். நாற்பத்தொன்றரை. ரிங் வழியாகக் கசிவதற்குள் அளந்துவிட வேண்டும் என்று இரண்டாம் முறையும் விட்டுப் பார்த்தார். அதே அளவு.

8.5 என்றால் மேலே 46 மில்லி இடம் இருக்க வேண்டும் (346-உம் 46-உம் கூட்டி 46-ஆல் வகுத்துப் பாருங்கள்). இருந்தது 41.5. விகிதம் 9.35 ஆகிவிட்டது. அரை மில்லிமீட்டர் கேட்ட இடத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் மேலே ராவி எடுத்திருக்கிறார்கள். குறைந்தது ஒரு தேக்கரண்டி இடம்கூட இல்லை, அதற்கே இன்ஜின் குணம் மாறிவிட்டது.

அந்தத் தட்டல்தான் நாக்கிங். பிளக் வைத்த தீ பரவிக்கொண்டிருக்கும்போதே, அது எட்டாத மூலையில் உள்ள கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானாகவே பற்றிக்கொள்கிறது. தொடர்ந்தால் பிஸ்டன் தலை அரிக்கும், ரிங் உட்காரும் வரப்பு உடையும். குமுளியில் வராமல் கீழே வந்ததற்குக் காரணம் இருக்கிறது. குமுளி கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர், கம்பம் சுமார் 400. மேலே காற்றின் அழுத்தம் கிட்டத்தட்ட ஆறு சதவீதம் குறைவு, குளிர்ச்சியும் உண்டு, சிலிண்டருக்குள் போகும் சரக்கே குறைவு. இரண்டு ஊரிலும் நெருக்க விகிதம் ஒன்றுதான், அழுத்தம் வேறு. அழுத்த விகிதம் என்ற பெயரோடு இதை யோசித்தால் பிடிபடவே பிடிபடாது.

சரி, நம்பி ஓட்ட எவ்வளவு வைக்கலாம்? காற்றில் குளிரும், இரண்டு வால்வு ஒற்றைச் சிலிண்டருக்கு, பங்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலில், கம்பெனி அளவுக்கு மேலே அரைப் புள்ளி. அதைத் தாண்ட மாட்டேன். நாட்டின் மாசு விதியான பிஎஸ் 6 2020-இல் வந்தபோது சாதாரண பெட்ரோலுக்கு வைத்த குறைந்தபட்ச ஆக்டேன் எண் 91. அந்த எண் பெட்ரோலின் சக்தியைச் சொல்வதில்லை, தானாகப் பற்றாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான் சொல்கிறது. 95, 100 போட்டு ஓட்டலாம், ஆனால் மலையூர் பங்கில் அது இல்லாத நாளில் என்ன செய்வது?

புதிய ஜே வரிசை 350 இன்ஜினில் 9.5 கொடுத்திருக்கிறார்களே என்று கேட்பார்கள். அது போர், ஸ்ட்ரோக், எரியறை, வால்வு நேரம் எல்லாம் வேறாகச் செய்த இன்ஜின், பற்றவைக்கும் நேரத்தைக் கணினி பார்த்துக்கொள்கிறது. பழைய யூசிஇ ஹெட்டை ராவி அந்த எண்ணை மட்டும் கொண்டுவந்தால் மற்றவை கூட வராது. கிடைக்கும் லாபமும் பெரிதில்லை. ஏட்டுக் கணக்கில் 8.5-இல் திறன் 57.5 சதவீதம், 9.5-இல் 59.4. நிஜத்தில் இரண்டுமே இதைவிட மிகக் குறைவு.

சேட்டன் சிலிண்டர் பிளாக்குக்கு அடியில் அரை மில்லிமீட்டர் அலுமினியத் தகடு வெட்டி வைத்தார். இடம் 43.4 மில்லி ஆனது, விகிதம் ஒன்பது. அதே ஏற்றத்தில், அதே கியரில், அதே வெயிலில் ஏறிப் பார்த்தேன். தட்டல் இல்லை.

ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜப்பான் கம்பெனிகள் டூ ஸ்ட்ரோக்குக்கு நெருக்க விகிதத்தை முழு ஸ்ட்ரோக்கிலிருந்து எண்ணுவதில்லை, எக்ஸாஸ்ட் போர்ட்டை, அதாவது சிலிண்டர் சுவரில் புகை வெளியேறும் துளையை, பிஸ்டன் மூடிய இடத்திலிருந்து எண்ணுகின்றன. அதனால்தான் அந்த எண் சின்னதாகத் தெரிகிறது. முழு ஸ்ட்ரோக்கை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு ஏற்கெனவே அதிகமாக இருக்கிறது என்று பயப்படவும் வேண்டாம், புத்தக எண் குறைவாக இருக்கிறதே என்று ஹெட்டைக் கொண்டுபோய் லேத்தில் கொடுக்கவும் வேண்டாம். போர்ட் மூடும்போது பிஸ்டன் உச்சியிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறது என்று முதலில் அளந்துகொள்ளுங்கள், அப்புறம் சிரிஞ்சை எடுங்கள்.