யோவியின் குரல் யாருடையது?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள கில்காய் என்ற சிற்றூரில், யோவி என்று கதைகளில் வரும் காட்டு மனிதனுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். ஆளை மிஞ்சிய உயரம், உடம்பெல்லாம் மயிர், இரண்டு காலில் நடை, இருட்டில் சிவக்கும் கண்கள். கிழக்குக் கரையோரக் காடுகளில் இதைப் பார்த்ததாகச் சொல்பவர்கள் இன்றும் உண்டு.

பூர்வகுடி மக்களிடம் காட்டு மனிதர் கதைகள் வழிவழியாக இருக்கின்றன. நியூ சவுத் வேல்ஸ் தென்கரையின் யுயின் மக்கள் சொல்லும் டூலாகால் அவற்றில் ஒன்று. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒவ்வொரு கதை. வந்து குடியேறிய ஐரோப்பியர்கள்தான் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, கூண்டில் அடைக்கக்கூடிய ஒரு குரங்காக ஆக்கினார்கள். 1882இல் மெக்கூயி என்பவர் சிட்னிப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதிய கடிதத்தில் தான் கண்ட வாலில்லாக் குரங்கு ஏறக்குறைய 5 அடி என்றார். அப்புறம் வந்த கதைகளில் அது ஏழெட்டு அடிக்கு வளர்ந்துவிட்டது.

குரங்கு அங்கே போய்ச் சேர வழியே கிடையாது. பனியுகத்தில் கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் இறங்கியபோதுகூட ஆசியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே ஆழமான நீரிணைகள் வற்றாமல் கிடந்தன. வௌவால் பறந்து போனது, எலியினம் மிதவைகளில் ஒதுங்கியது, மனிதன் படகேறினான். குயின்ஸ்லாந்தின் ரிவர்ஸ்லீ புதைபடிவப் பாறைகளில், குட்டியை வயிற்றுப் பையில் வளர்க்கும் பைம்மாவினங்கள் குவியல் குவியலாகக் கிடைத்தும், குரங்கின் பல் ஒன்றுகூட இல்லை.

சரி, யோவியின் குரல் என்று இரவில் கேட்டதாகச் சொல்கிறார்களே, அந்த உறுமல்?

அது பெரும்பாலும் கோவாலா, மரத்தில் வாழும் ஒரு பைம்மாவினம். சுமார் 8 கிலோ எடையுள்ள ஆண் கோவாலா இனப்பெருக்கக் காலத்தில் எழுப்பும் ஒலி, யானைக்குரிய தாழ்ந்த சுருதியில் வரும். மூச்சை இழுக்கும்போது குறட்டை, விடும்போது ஏப்பம். இரவில் முதல்முறை கேட்பவர் மரத்தை நிமிர்ந்து பார்க்கவே மாட்டார், ஓடத்தான் பார்ப்பார். இதன் சூட்சுமம் 2013இல்தான் வெளிவந்தது. குரல்வளையில் வழக்கமாக இருக்கும் குரல் மடிப்புகள் போக, மூக்குப் பாதை தொண்டையில் திறக்கும் இடத்தில் இன்னொரு சோடி இருக்கிறது. அவை நீண்டு தடித்தவை என்பதால் மெதுவாக அதிர்கின்றன. அதனால்தான் அவ்வளவு சிறிய உடம்பிலிருந்து அவ்வளவு கனத்த குரல்.

மரத்தில் யோவி கடித்த தடம் என்று காட்டுவார்களே, அதைப் பலமுறை செய்வது ஒரு பறவை. மஞ்சள்வால் கருங்காக்கட்டூ, மரத்தைத் துளைத்து வாழும் அந்துப்பூச்சிப் புழுவுக்காக அடிமரத்தைப் பிளக்கும். முதலில் அலகால் குறுக்கே வெட்டி, பட்டையோடு ஒரு சிம்பைக் கீழ்நோக்கிக் கிழித்து வளைத்து, அதன்மேல் நின்றுகொண்டு தோண்டும். பறவை போனபின் பார்த்தால், யாரோ பலசாலி கையால் பிய்த்தது போலவே இருக்கும்.

கண் விஷயம் இன்னும் சுவையானது. இரவு விலங்குகள் பலவற்றுக்கு விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு. மனிதனுக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் அது கிடையாது. டார்ச் அடித்தபோது கண்கள் செக்கச்செவேலென்று மின்னின என்று ஒருவர் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறாரோ, அவர் பார்த்தது குரங்கல்ல என்பதும் அவ்வளவுக்கு உறுதியாகிறது. மரமேறும் பைம்மாவினமான அடர்வால் போசத்தின் கண் அப்படித்தான் சிவந்து மின்னும். அது உட்கார்ந்திருக்கும் கிளை எட்டடி உயரத்தில் இருந்தால், கீழே மிச்ச உடம்பை நம் மூளையே வரைந்துகொள்ளும்.