காயாத வண்ணத்தில் துயரம் தேடியவர்கள்

என் ஓவிய வகுப்புக்கு ஒரு தாய் வந்தார். கல்லூரியில் படிக்கும் மகன் தீட்டிய, உருவம் எதையும் காட்டாத அரூப ஓவியத்தைக் கைப்பேசியில் காட்டினார். முழுக்க அழுக்குப் பழுப்பு. நடுவே கறுப்பாக இரண்டு இழுப்பு. "இவன் மனதில் ஏதோ இருக்கிறது சார். பார்க்கிறவர்கள் எல்லாம் பயமுறுத்துகிறார்கள்" என்றார். மகனையும் கான்வாஸையும் அழைத்துவரச் சொன்னேன்.

வந்ததும் நான் பார்த்தது முன்பக்கத்தை அல்ல. துணி சட்டத்தின்மேல் மடங்குகிற பக்கவாட்டு ஓரத்தை. ஓவியர்கள் ஒப்பனை செய்ய மறந்துவிடுகிற இடம் அது. அங்கே மஞ்சள் வழிந்திருந்தது, அதன்மேல் கிளிப்பச்சை, அதற்கும் மேல் ஆரஞ்சு. எண்ணெய் வண்ணம். ஒன்று காய்வதற்குள் அடுத்ததைப் பூசியதில் எல்லாம் குழம்பிச் சேறாகிவிட்டது.

"ஏன் தம்பி இத்தனை அவசரம்?"

"அன்றைக்கே முடித்துவிட நினைத்தேன் சார்."

"இந்தக் கறுப்பு?"

"படம் கெட்டுப்போன எரிச்சலில் வண்ணம் பூசும் கத்தியால் இழுத்தது."

கறுப்பு தொடங்கும் இடத்தில் வண்ணம் விரல்நுனி அளவுக்குக் குவிந்திருந்தது. முடியும் இடத்தில் துணியே தெரிந்தது. கை எவ்வளவு அழுத்தியது, எங்கே ஓய்ந்தது என்பதை அந்த மேடு சொல்லிற்று. எரிச்சலும் அவசரமும் உணர்ச்சிகள்தானே? கைப்பேசிப் படத்தில் இவை தெரியவில்லை. அங்கே தெரிந்தது நிறம் மட்டும்.

சிவப்பு கோபம், நீலம் அமைதி என்று பட்டியல் போட்டு ஓவியம் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. மல்லிகையும் வெள்ளை, கைம்பெண் புடவையும் வெள்ளை. பட்டியல் எதைத் தேர்ந்தெடுக்கும்?

நிறம் நிலைத்து நிற்பதும் இல்லை. அமெரிக்க அரூப ஓவியர் மார்க் ராத்கோ ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் உணவுக்கூடம் ஒன்றுக்காகத் தீட்டிய பெரிய ஓவியங்கள் 1964-ல் அங்கே மாட்டப்பட்டன. அவர் பயன்படுத்திய லித்தால் ரெட் என்ற சிவப்பு நிறமி வெயில் தாங்காது. ஜன்னல் வெளிச்சத்தில் அடர்சிவப்பு வெளிறி, சில இடங்களில் நீலமாகவே மாறிற்று. 1979-க்குள் அவற்றைக் கழற்றிக் கிடங்கில் வைத்துவிட்டார்கள். அந்த வெளிறிய நீலத்தின் முன் நின்று ராத்கோவின் ஏக்கத்தை ஒருவர் உணர்ந்திருந்தால், அவர் படித்தது சூரியனின் கைவேலையை. 2014-ல் ஓவியங்களைத் தொடாமல், இழந்த நிறத்தைப் புரொஜெக்டர் ஒளியால் ஈடுகட்டிக் காட்சிக்கு வைத்தார்கள். தினமும் மாலை 4 மணிக்கு அந்த விளக்கை அணைத்தார்கள். எதிரே நின்றவர்கள் பார்க்கப் பார்க்க ஓவியம் வேறு மனநிலைக்குப் போயிற்று.

வாழ்க்கை வரலாறும் நம்மை ஏமாற்றும். ராத்கோ தன் உயிரை மாய்த்துக்கொண்டது 1970-ல். நியூயார்க் உணவகம் ஒன்றுக்காக அவர் தொடங்கிய இருண்ட சிவப்பு ஓவியங்களில் அந்த மரணத்தைப் பார்ப்பவர்கள் உண்டு. அவை 1958, 1959-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை.

பெற்றோருக்கு ஒன்று: பிள்ளை தூங்குகிறானா, சாப்பிடுகிறானா, நண்பர்களோடு பேசுகிறானா என்று பாருங்கள். அங்கே மாற்றம் தெரிந்தால் அவனிடமே கேளுங்கள், மருத்துவரிடம் போங்கள். கான்வாஸைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

அந்தத் தாயிடமும் இதைத்தான் சொன்னேன். பையன் ஓவியத்தை என் அறையிலேயே விட்டுப் போயிருக்கிறான். நேற்று ஓரத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். மஞ்சள் இன்னும் ஒட்டுகிறது.