எத்தனை லாட் என்பதை நஷ்டம் தீர்மானிக்கட்டும்

வாடிக்கையாளர்களின் டிரேடிங் கணக்கை வரிவரியாகப் பார்ப்பது என் வேலை. மூலதனத்தில் பாதியை விட்டுவிட்டு வருகிறவர்களில் பலருக்குக் கணிப்பு அவ்வளவு மோசமாக இருக்காது. பத்தில் ஆறு சரியாகவே இருக்கும். ஒரே ஒரு டிரேடில் மட்டும் வழக்கத்தைவிட ஐந்து மடங்கு லாட் (ஒரே மூட்டையாக வாங்கி விற்கும் குறிப்பிட்ட எண்ணிக்கை) இருக்கும். நேரத்தைப் பார்த்தால் புரிந்துவிடும்: சற்று முன் விட்டதை ஒரே அடியில் பிடிக்கப் போட்டது.

கையில் எவ்வளவு பணம், எவ்வளவு மார்ஜின் (டிரேடுக்காகத் தரகரிடம் கட்டிவைக்கும் முன்பணம்) என்று பார்த்துத்தான் பெரும்பாலோர் எண்ணிக்கையை முடிவு செய்கிறார்கள். நஷ்டத்திலிருந்து தொடங்கிப் பாருங்கள். மூலதனம் 1,00,000. ஒரு டிரேடில் 1 சதவீதம், அதாவது 1,000 போனால் போகட்டும். 500-க்கு வாங்கும் பங்கு 480-க்கு வந்தால் வெளியேறுவோம் என்றால், பங்குக்கு 20 நஷ்டம். ஆக, 50 பங்கு. முழுப் பணத்துக்கும் 200 பங்கு வாங்கலாமே என்ற பேச்சே வேண்டாம். இப்படிப் போனால் தொடர்ந்து பத்து முறை தோற்றாலும் ஏறக்குறைய 90 சதவீதம் கையில் இருக்கும். முறைக்கு 10 சதவீதம் பணயம் வைத்தவரிடம் மிஞ்சுவது 35 தான்.

ஸ்டாப் லாஸ் போட்டாச்சு என்று நிம்மதியாகத் தூங்குகிறவர்களுக்கு ஒன்று. அந்த விலை வந்ததும் விற்கச் சொல்லும் ஆர்டர் அது. அந்த விலையில் வாங்க ஆள் இருப்பார் என்று யாரும் எழுதித் தரவில்லை. 2015 ஜனவரி 15 அன்று, யூரோவுக்கு 1.20 ஃபிராங்க் என்று தான் காத்துவந்த வரம்பை சுவிஸ் தேசிய வங்கி திடீரென்று கைவிட்டது. விலை ஒரே தாவலில் எங்கோ போய்விட, ஸ்டாப் லாஸ் போட்டவர்களும் வெகுதூரம் தள்ளித்தான் வெளியேறினார்கள். போட்ட பணம் போய், தரகருக்குக் கடன்பட்டவர்களும் உண்டு. எனவே நிறுவனத்தின் லாப நஷ்டக் கணக்கு, அதாவது ரிசல்ட், வருவதற்கு முந்தைய இரவு பங்கைக் கையில் வைத்திருந்தால், அது காலையில் 430-இல் திறந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். அதே 50 பங்கில் 3,500 போகும். பொறுக்காது என்றால் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

ஆப்ஷன் என்பது ஒரு பங்கைக் குறித்த விலையில் (ஸ்ட்ரைக்) வாங்கவோ (கால்) விற்கவோ (புட்) தரும் உரிமை; குறித்த நாளோடு (எக்ஸ்பைரி) அது முடிந்துவிடும். அதற்குக் கொடுக்கும் விலைதான் பிரீமியம். வாங்குகிறவருக்கு நஷ்டம் அந்தப் பிரீமியத்தோடு நின்றுவிடும், சரி. ஆனால் மலிவு என்று, இப்போதைய விலைக்கு வெகுதூரத்தில் இருக்கும் ஸ்ட்ரைக்கை அள்ளினால் அந்தப் பிரீமியம் பூஜ்யமாவதுதான் வாடிக்கை. அதனால் முழுப் பிரீமியத்தையும் ரிஸ்க்காக வைத்தே கணக்கிடுங்கள். பங்கு ஏறியும் என் கால் ஆப்ஷன் விலை ஏன் இறங்கியது என்று கேட்டு வருபவர்கள் அநேகமாக ரிசல்ட்டுக்கு முன் வாங்கியவர்கள். எதிர்பார்ப்பில் ஊதியிருந்த பிரீமியம், செய்தி வந்ததும் வற்றிவிடுகிறது.

ஆப்ஷனை விற்பவர் கதை வேறு: பிரீமியம் அவர் கைக்கு வரும், ஆனால் நஷ்டம் அதோடு நிற்காது. அவர் கணக்கைப் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி: வாராவாரம் சின்னச் சின்ன லாபம். பிரிட்டனின் பேரிங்ஸ் வங்கியின் டிரேடர் நிக் லீசனும் ஜப்பானின் நிக்கேய் பங்குக் குறியீட்டில் கால், புட் இரண்டையும் விற்று வைத்திருந்தார். 1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே நகரில் நிலநடுக்கம். சந்தை சரிய, மீட்டுவிடலாம் என்று ஃபியூச்சர்ஸை (பின்னொரு நாளுக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்) மேலும் மேலும் வாங்கினார். ஆவரேஜ் செய்வது என்று நாம் சொல்கிறோமே, அதுதான். மொத்த நஷ்டம் 827 மில்லியன் பவுண்டு. 1762-இல் தொடங்கிய வங்கி 1 பவுண்டுக்குக் கைமாறியது.

விற்றே ஆக வேண்டுமென்றால் தனியாக விற்காதீர்கள். 500 ஸ்ட்ரைக் கால் ஆப்ஷனை விற்று 510 ஸ்ட்ரைக் கால் ஆப்ஷனை வாங்கி, நிகரமாகப் பங்குக்கு 3 கைக்கு வந்தால், அதிகபட்ச நஷ்டம் பங்குக்கு 7. லாட் 100 என்றால் 700. நம் 1,000-க்குள் ஒரு லாட் அடங்கும், இரண்டு அடங்காது. எக்ஸ்பைரி நெருங்கும்போது 510 காலில் மிச்சமிருக்கும் சில்லறைக்கு ஆசைப்பட்டு அதை முதலில் விற்றுவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அந்த நொடியிலிருந்து 500 காலுக்குத் தடுப்பே இல்லை. மூடும்போது விற்றதை முதலில் மூடுங்கள்.